குறைந்த பட்ஜெட் கேமிங் கம்ப்யூட்டர்: பணத்தை எதில் போடுவது?

1080பி (ஃபுல் எச்டி) மானிட்டரில் விளையாட, பிராசஸருக்கு அதிகம் செலவழிப்பதா, கிராபிக்ஸ் கார்டுக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். கிராபிக்ஸ் கார்டுக்குத்தான். பெரும்பாலான கேம்களில் விநாடிக்கு எத்தனை ஃபிரேம் (திரையில் மாறும் படம்) வரும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்காவது அதற்கு ஒதுக்குங்கள். 8 ஜிபி நினைவகம் உள்ள ரேடியான் ஆர்எக்ஸ் 6600 போன்ற கார்டு நல்ல தேர்வு. 4 ஜிபி கார்டு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்; புதிய கேம்களில் டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டிவரும்.

பிராசஸருக்கு 6 கோர் உள்ள ரைசன் 5 5600 போதும். ரேம் 16 ஜிபி, அதையும் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். ஒன்றே ஒன்று போட்டால் ரேமுக்கும் பிராசஸருக்கும் இடையே தரவு போகும் ஒரு பாதைதான் (சேனல்) வேலை செய்யும், வேகம் குறையும்.

அப்புறம் பவர் சப்ளை. தயவுசெய்து இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கேபினெட்டோடு சேர்த்துத் தரும் பெயர் தெரியாத பவர் சப்ளை பழுதானால் மற்ற பாகங்களையும் கெடுத்துவிடலாம். '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே காட்டும். உள்ளே பாதுகாப்புச் சுற்றுகள் நன்றாக உள்ளனவா என்பதைச் சொல்லாது. எனவே நம்பகமான நிறுவனத்தின் 550 வாட் மாடலாகப் பாருங்கள். பணம் போதவில்லையா? வண்ண விளக்குகளை விட்டுவிடுங்கள்.