டர்பனில் இரண்டு நாள்

கேள்வி: ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குப் போகிறோம். இரண்டே நாள். எதை விடக்கூடாது? (வாசகி, கரூர்)

பதில்: நல்ல மாதம். அங்கே அது குளிர்காலம். மழை குறைவு, வெயில் இதம். விடிந்ததும் கோல்டன் மைல் கடற்கரையில் நடந்துவிடுங்கள். உயிர்காப்பாளர்கள் நட்ட கொடிகளுக்கு இடையில் மட்டும் குளியுங்கள். இதில் பிடிவாதமாக இருங்கள். சிதைந்த கப்பல்போல் கட்டிய உஷாகா மீன் காட்சியகத்துக்கு அரை நாள் போதும்.

மதியம் ‘பன்னி சௌ’ சாப்பிடுங்கள். ரொட்டியின் நடுவைக் குடைந்து, குழம்பை ஊற்றி, தோண்டிய துண்டையே மூடியாக வைத்துத் தருவார்கள். கையால்தான் சாப்பிட வேண்டும். முதல் வாயிலேயே எனக்கு எங்கள் வீட்டு மசாலா மணம் வந்தது. 1860-இல் ‘ட்ரூரோ’ கப்பலில் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்களின் மண் அது. விக்டோரியா தெருச் சந்தையில் மசாலாப் பொடி வாங்க மறக்காதீர்கள்.