480 அடி ஓட்டம் எதற்கு? குத்திவிட்டு விலகத் தெரிந்தால் போதும்

கேள்வி: பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டை 2014 விதிகளின்படி ஆடுகிறோம். என் பாத்திரம் பூனை இனமான டபாக்ஸி, ரோக் (பதுங்கித் தாக்கும் ஆள்) வகுப்பு, இப்போதுதான் 4-ஆம் லெவல் வந்திருக்கிறது. ஓடிவந்து குத்திவிட்டு, திருப்பி வெட்டு வாங்காமல் விலகிவிடும் ஆளாக அவன் இருக்க வேண்டும் என்று ஆசை. இணையத்தில் காசு கொடுத்து ஒரு 'பில்ட்' (பாத்திரத்தை எப்படி வளர்ப்பது என்ற திட்டம்) வாங்கினேன். மங்க் (சண்டைக்கலைத் துறவி), ஃபைட்டர் (போர்வீரன்) வகுப்புகளில் 2 லெவல் வீதம் சேர்த்து, மொபைல் என்ற ஃபீட்டும் (கூடுதல் சிறப்புத் திறன்) எடுத்தால் ஒரே டர்னில், அதாவது என் முறை ஒருதடவை வரும்போது, 480 அடி ஓடலாம் என்கிறார்கள். அப்படிக் கலக்கலாமா?

பதில்: கலக்க வேண்டாம். மொபைல் எடுக்கலாம், ஆனால் அதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் அந்த 480. டபாக்ஸியின் வேகம் 30 அடி. மங்க் 2-ஆம் லெவலில் 10, மொபைலில் 10, கூட்டாளி யாராவது லாங்ஸ்ட்ரைடர் மந்திரம் போட்டால் இன்னொரு 10. ஆக 60. டபாக்ஸியின் திறமையால் அது ஒரு டர்னுக்கு இரட்டிப்பாகி 120. சாதாரண நடை, ஆக்‌ஷனில் (டர்னின் முக்கியச் செயல்) ஒரு டேஷ் (அதே தூரம் இன்னொரு ஓட்டம்), போனஸ் ஆக்‌ஷனில் (கூடுதல் சிறு செயல்) ஒரு டேஷ், இன்னொரு ஆக்‌ஷன் தரும் ஃபைட்டரின் ஆக்‌ஷன் சர்ஜில் மூன்றாவது டேஷ். நாலு 120, 480. கணக்கில் தப்பில்லை. அந்த டர்னில் உங்கள் ஆள் ஒரு குத்துகூடக் குத்தவில்லை என்பதைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். இருந்த ஆக்‌ஷன் எல்லாம் ஓட்டத்துக்கே தீர்ந்துவிட்டது. ஆக்‌ஷன் சர்ஜ் மறுபடி வேண்டுமானால் ஓய்வெடுக்க வேண்டும். இரட்டிப்பு வேகம் திரும்ப வேண்டுமானால் ஒரு டர்ன் முழுக்க அசையாமல் நிற்க வேண்டும். பெரும்பாலான சண்டை வரைபடங்களில் 480 அடிக்கு இடமே இருக்காது என்பது தனிக் கதை.

இந்த பில்ட் வியாபாரிகளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். பெரிய எண்ணைத் தலைப்பில் போடுவார்கள், அதற்கு நீங்கள் கொடுக்கும் விலையை எங்கேயும் போட மாட்டார்கள். உங்கள் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மங்க் வகுப்பைச் சேர்க்க டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 13 மட்டும் போதாது, விஸ்டம் (விவேகம்) 13-உம் வேண்டும். உங்கள் ரோக்குக்கு அது இருக்கிறதா? மங்க் தரும் 10 அடி, கவசம் போடாதவருக்கு மட்டும்தான். தோல் கவசத்தோடு ஓடினால் அந்த 10 அடி கிடையாது. இதெல்லாம் சரிப்பட்டு வந்தாலும் மொத்தம் 8-ஆம் லெவலில்தான் அந்த பில்ட் முழுமையாகும். கலக்காமல் ரோக்காகவே 8-ஆம் லெவலுக்குப் போனால் ஸ்னீக் அட்டாக் (ரோக்கின் குத்தில் சேரும் கூடுதல் சேதம்) 4 பகடை. கலந்தால் இப்போது இருக்கும் 2 பகடையிலேயே நின்றுவிடும். 5-ஆம் லெவலில் வரும் அன்கேனி டாட்ஜ், விழும் வெட்டின் சேதத்தைப் பாதியாகக் குறைப்பது, அதுவும் இருக்காது.

இன்னொரு ஏமாற்று, பதிப்புகளைக் கலப்பது. 2024 விதிகளில் மொபைல் இல்லை. அதன் இடத்தில் இருக்கும் ஸ்பீடி ஃபீட், நீங்கள் விலகும்போது எதிரி வெட்டுவதைத் தடுப்பதில்லை, அவர் பகடைக்குப் பாதகம் மட்டும் தரும். 2024 மங்க்குக்கு போனஸ் ஆக்‌ஷனில் டேஷ் செலவில்லாமல் கிடைக்கிறது. 2014 மங்க்குக்கு அதற்கு ஒரு கீ புள்ளி (மங்க்கின் உள்சக்தி) செலவு. பழைய மொபைலையும் புதிய மங்க்கையும் ஒட்டவைத்து விற்கும் பில்ட்கள் உண்டு. யாரோ வீட்டில் எழுதிய வகுப்புகளை அதிகாரபூர்வமானவை போலக் காட்டும் தளங்களும் உண்டு. ஒவ்வொரு வரியும் எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

இப்படிப்பட்டவர்களிடம் ஆட்டக்காரர்கள் போய் மாட்டுவதற்கு விளையாட்டு நிறுவனமும் ஒரு காரணம். 2014 விதிகளின் இலவசத் தொகுப்பில் இருப்பது ஒரே ஒரு ஃபீட். அதுவும் மல்லுக்கட்டிப் பிடிப்பதற்கானது! மொபைலைப் படிக்க வேண்டுமானால் புத்தகம் வாங்க வேண்டும். வாங்கிப் பார்த்தால் ஃபீட் என்பதே டன்ஜன் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) விரும்பினால் மட்டும் என்று எழுதியிருக்கும். பத்து வருஷம் இப்படியே ஓட்டினார்கள்.

சரி, உங்கள் ஆசைக்கு வருவோம். உங்களுக்கு வேண்டியது வேகம் இல்லை, ஆக்‌ஷன் செலவில்லாமல் விலகுவது. ரோக்குக்கு 2-ஆம் லெவலிலிருந்தே போனஸ் ஆக்‌ஷனில் டிஸ்என்கேஜ் (வெட்டு வாங்காமல் விலகும் செயல்) இருக்கிறது. குத்து, டிஸ்என்கேஜ், 30 அடியில் மிச்சமிருக்கும் அளவுக்குப் பின்வாங்கு. இதுவே பாதி வேலையை முடித்துவிடும். குறை ஒன்றுதான்: போனஸ் ஆக்‌ஷன் அதிலேயே போய்விடும். இரண்டு கைகளிலும் கத்தி வைத்திருப்பவருக்கு இரண்டாவது கத்தியின் குத்து அந்த போனஸ் ஆக்‌ஷனில்தான் வருகிறது. முதல் குத்து தவறினால் ஸ்னீக் அட்டாக்குக்கு இரண்டாவது வாய்ப்பும் அதுதான். மொபைல் அதை மிச்சப்படுத்தித் தரும். இரண்டு கத்தியாலும் குத்திவிட்டு அப்படியே நடந்துவிடலாம்.

ஆனால் மொபைல் யாரிடமிருந்து காப்பாற்றும் என்பதைத்தான் நிறைய பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த டர்னில் நீங்கள் கைகலப்பில் தாக்கிய எதிரி மட்டும், நீங்கள் விலகும்போது வெட்ட முடியாது. குத்து பட்டதா தவறியதா என்பது பொருட்டே இல்லை, தாக்கினாலே போதும். ஆனால் பக்கத்தில் சும்மா நிற்கும் இன்னொருவன், நீங்கள் தொடாதவன், அவன் எட்டும் தூரத்தை விட்டு நீங்கள் வெளியேறினால் தாராளமாக வெட்டலாம். இரண்டு பேர் நடுவே மாட்டிக்கொண்டால் முதல் கத்தியை ஒருவன் மேல், இரண்டாவதை மற்றவன் மேல் வீசுங்கள், இருவருமே வெட்ட முடியாது. மூன்று பேர் என்றால் மூன்றாமவனுக்கு விடை கிடையாது, அங்கே பழைய டிஸ்என்கேஜ்தான். வில்லால் எய்தால் இந்தப் பாதுகாப்பே இல்லை. அப்புறம், எதிரி முன்கூட்டியே ரெடி ஆக்‌ஷன் வைத்துக் காத்திருந்து, நீங்கள் கிட்டே வந்ததும் வெட்டினால் அதையும் மொபைல் தடுக்காது. புத்திசாலி டன்ஜன் மாஸ்டர் சீக்கிரமே இதைக் கண்டுபிடித்துவிடுவார். அப்படிக் காத்திருக்கும் எதிரி தன் ஆக்‌ஷனை அதற்கே செலவழித்திருக்கிறான் என்பதால் நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன்.

இப்போது சரிபார்க்க வேண்டியது. கேள்வியில் நீங்கள் சப்கிளாஸ் (வகுப்பின் உட்பிரிவு) என்னவென்று சொல்லவில்லை. 3-ஆம் லெவலில் ஸ்வாஷ்பக்லர் எடுத்திருந்தால் மொபைலின் இந்தப் பயன் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது; கிட்டத்தட்ட அதே விதிதான். அப்போது மொபைல் கூடுதலாகத் தருவது 10 அடியும், டேஷ் போடும்போது கரடுமுரடான தரை தடுக்காத வசதியும் மட்டும்தான். அதற்காக ஒரு ஃபீட்டைக் கொடுப்பது நஷ்டம், டெக்ஸ்டெரிட்டியை 2 ஏற்றிக்கொள்ளுங்கள். விற்கப்படும் பில்ட்களில் இந்த இரண்டையும் சேர்த்தே எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தீஃப், அசாசின் போன்ற வேறு சப்கிளாஸ் என்றால் மொபைலை எடுங்கள், டன்ஜன் மாஸ்டர் ஃபீட்களை அனுமதிக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு.

ஓடும் ஆளை மடக்க எதிரிக்கு வேகம் தேவையில்லை, பிடித்தால் போதும். எதிரி உங்களைக் கிராப்பிள் செய்துவிட்டால் வேகம் 0. சேர்த்து வைத்த 10, 10 எதுவும் உதவாது. தப்பிக்க ஒரு ஆக்‌ஷனைக் கொடுத்து, அவருடைய அத்லெடிக்ஸுக்கு எதிராக உங்கள் அக்ரோபாட்டிக்ஸை உருட்ட வேண்டும். 6-ஆம் லெவலில் ரோக்குக்கு இன்னும் இரண்டு எக்ஸ்பர்டீஸ் (ஒரு திறனில் இரட்டிப்புத் தேர்ச்சி) வரும். ஒன்றை அக்ரோபாட்டிக்ஸில் போடுங்கள், அந்தத் திறனில் பயிற்சி இருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலகுவதற்கும் ஒரு அளவு உண்டு. நீங்கள் நூறு அடி தள்ளிப் போனால் எதிரி துரத்த மாட்டான், திரும்பி உங்கள் விஸார்டிடம் போவான். ஸ்னீக் அட்டாக்குக்கும் பெரும்பாலும் எதிரியை ஒட்டி ஒரு கூட்டாளி நிற்க வேண்டும். அதனால் ஃபைட்டர் நண்பர் யாரோடு மோதுகிறாரோ அவனையே குத்தி, அவருக்குப் பின்னால் போய் நில்லுங்கள். இதற்கு உங்கள் 30 அடியே தாராளம்.

மங்க்கின் ஓட்டம் உண்மையிலேயே பிடித்திருந்தால், அடுத்த ஆட்டத்தில் முதல் லெவலிலிருந்தே மங்க்காகத் தொடங்குங்கள். 9-ஆம் லெவலில் சுவரிலும் தண்ணீர் மேலும் ஓடலாம், அதற்கு யாரிடமும் பில்ட் வாங்க வேண்டியதில்லை.