டைகர் பாம் குடும்பத்தின் பத்திரிகைகள்

அன்புள்ள ஐயா,

பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் ஹாங்காங் சிங்கப்பூருக்கும் கீழே போய்விட்டது என்று சென்ற வாரம் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். இங்கே சிங்கப்பூரில் நாளிதழ்கள் ஏறக்குறைய எல்லாமே ஒரே நிறுவனத்தின் கையில். அங்கே ஆளுக்கொரு பத்திரிகை, ஆளுக்கொரு முதலாளி. முதலாளிகள் பலர் இருந்தால் சுதந்திரம் தானாக வந்துவிடும் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? பிறகு எப்படி இப்படி ஆனது?

இன்னொன்று. வீட்டில் தமிழ் முரசு வாங்குகிறோம். “அரசாங்கம் காசு கொடுக்கிற பேப்பருக்கு நாமும் ஏன் காசு கொடுக்கணும்?” என்கிறான் மகன். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

கே.,
சிங்கப்பூர்

அன்புள்ள கே.,

அந்தப் பட்டியலை நான் ஓரளவுக்குத்தான் நம்புவேன். அதை வெளியிடும் எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பு 2002-ல் ஹாங்காங்குக்கு 18-ஆம் இடம் கொடுத்தது. 2021-ல் அது 80. அடுத்த ஆண்டே 148, அப்போது சிங்கப்பூர் 139. அந்த ஆண்டு கணக்கிடும் முறையையும் மாற்றினார்கள் என்பதால் எண்களை வைத்துக்கொண்டு சண்டை போட வேண்டாம். ஆனால் ஹாங்காங் சரிந்தது உண்மை. அது ஏன் என்று பார்க்க ஒரு குடும்பத்தின் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

டைகர் பாம் தைலத்தை உலகெங்கும் விற்ற ஆவ் பூன் ஹாவ் இரண்டு நகரங்களிலும் பத்திரிகை நடத்தியவர். சிங்கப்பூரில் 1929-ல் சின் சியூ ஜிட் போ, ஹாங்காங்கில் 1938-ல் சிங் தாவ். மருந்துக்கு விளம்பரம் வேண்டும், விளம்பரத்துக்குப் பத்திரிகை வேண்டும். வியாபாரியின் கணக்கு அவ்வளவுதான். அவருக்குப் பின் வாரிசுகள் தொழிலைப் பார்த்துக்கொண்டார்கள். 1971 மே மாதம் சிங்கப்பூரில் அந்தக் குடும்பத்தின் மீது இரண்டு அடிகள் விழுந்தன. மகன் ஆவ் கோ நடத்திய ஈஸ்டர்ன் சன், ஹாங்காங்கிலிருந்த கம்யூனிஸ்ட் முகவர்களிடம் பணம் வாங்கியது என்று அரசு குற்றம் சாட்டியது. பத்திரிகை மூடப்பட்டது. அடுத்து சிங்கப்பூர் ஹெரால்ட். அதில் பணம் போட்டவர் ஹாங்காங்கில் சிங் தாவை நடத்திய மகள் சாலி ஆவ். யாருடைய பணம் இது, எதற்காக இங்கே வருகிறது என்று பிரதமர் லீ குவான் யூ பகிரங்கமாகவே கேட்டார். ஹெரால்டின் உரிமமும் பறிபோனது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1974-ல், செய்தித்தாள் மற்றும் அச்சகச் சட்டம் வந்தது. ஹாங்காங் பணத்தைப் பார்த்த பயம் அந்தச் சட்டத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். பத்திரிகை நடத்த ஆண்டுதோறும் அனுமதி வாங்க வேண்டும் என்பது பலருக்கும் தெரிந்தது. அதைவிட முக்கியமானது நிர்வாகப் பங்கு என்ற ஏற்பாடு. இயக்குநரையோ ஊழியரையோ நியமிக்கவும் நீக்கவும் நடக்கும் வாக்கெடுப்பில் ஒரு நிர்வாகப் பங்குக்கு 200 ஓட்டு. யார் அதை வைத்திருக்கலாம் என்பதற்கு அரசின் ஒப்புதல் வேண்டும். பங்குச் சந்தையில் யார் எவ்வளவு வாங்கினாலும் ஆசிரியர் நாற்காலியில் யார் உட்காருவது என்பது அவர்கள் கையில் இல்லை. 1982-ல் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நிறுவனத்தின் நிர்வாகத் தலைவராக வந்தவர் எஸ். ஆர். நாதன். அதற்கு முன் பாதுகாப்பு அமைச்சின் உளவுப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர், பின்னாளில் அதிபர். இப்படி ஏற்பாடு செய்துவிட்டால் ஒவ்வொரு செய்திக்கும் போலீஸை அனுப்ப வேண்டியதில்லை.

வெளியிலிருந்து வந்த இதழ்களுக்கு வேறு வழி. தடை செய்யாமல் பிரதிகளைக் குறைத்தார்கள். ஹாங்காங்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஏஷியன் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 1987-ல் 5,000 பிரதியிலிருந்து 400-க்கு இறக்கப்பட்டது.

ஹாங்காங்கில் இப்படிப்பட்ட உடைமைச் சட்டம் எதுவும் இல்லை. பதிவு செய்தால் போதும், அச்சடிக்கலாம். ஆனால் பத்திரிகை முதலாளிகளில் பலருக்குப் பத்திரிகை பக்கத்தொழில்தான். சவுத் சைனா மார்னிங் போஸ்ட் 1993-ல் ஊடக அதிபர் மர்டாக்கிடமிருந்து ஹோட்டல், சர்க்கரை அதிபர் ராபர்ட் குவோக்கிடம் போனது, பிறகு சீன இணைய வணிக நிறுவனமான அலிபாபாவிடம். மிங் பாவ் மலேசிய மர வியாபாரியிடம். நம் கதையின் சிங் தாவ், சாலி ஆவ் கையைவிட்டுப் போய், பிறகு பெய்ஜிங்கின் ஆலோசனை அமைப்பான சீன மக்கள் அரசியல் ஆலோசனை மாநாட்டின் உறுப்பினர் சார்லஸ் ஹோவிடம் வந்தது. சீனப் பெருநிலத்தில் ஹோட்டலோ தொழிலோ இருக்கும் முதலாளிக்கு யாரும் சட்டப் பிரிவைக் காட்ட வேண்டியதில்லை. அவரே ஆசிரியருக்குத் தொலைபேசி போடுவார், அல்லது அவர் போடுவாரோ என்று ஆசிரியரே நினைத்துக்கொள்வார்.

(இடையில் ஒரு வேடிக்கை. 1990-களில் சாலி ஆவின் ஹாங்காங் ஸ்டாண்டர்ட் விற்பனை எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டி மாட்டியது. ஊழியர்கள் மூவர் தண்டிக்கப்பட்டார்கள், முதலாளி மீது வழக்கே போடவில்லை. 2023-ல், நீங்கள் சொன்ன அந்த ஒரே நிறுவனமான சிங்கப்பூரின் எஸ்பிஎச் மீடியாவிலும் அதே வித்தை வெளியே வந்தது. நாளுக்குச் சராசரியாக 85,000 முதல் 95,000 பிரதிகள் வரை அதிகம் காட்டப்பட்டதாக அவர்களின் உள் ஆய்வே சொன்னது. உடைமை முறை எதுவானாலும் எண்ணிக்கை மட்டும் உப்பிவிடுகிறது!)

பெருநிலத் தொழிலுக்குப் பயந்த முதலாளிகளின் கூட்டத்தில் சேராதவர் ஜிம்மி லாய். ஜியோர்டானோ ஆடைக் கடைகளின் அதிபர். 1994-ல் சீனப் பிரதமர் லீ பெங்கைத் திட்டி எழுதினார். பெய்ஜிங் கடைக்குத் தொல்லை வந்தது, நிறுவனப் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறினார். 1995-ல் தொடங்கிய ஆப்பிள் டெய்லிக்குப் பின்னால் பெருநிலத்தில் இழப்பதற்கு எதுவும் இல்லாத முதலாளி இருந்தார். கிசுகிசுவும் குற்றச் செய்தியும் நிறைந்த பத்திரிகை, உத்தமமான இதழ் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மற்ற முதலாளிகளிடம் பலித்தது இவரிடம் பலிக்கவில்லை.

அவரை அடக்க, 2020-ல் பெய்ஜிங் கொண்டுவந்த தேசியப் பாதுகாப்புச் சட்டம் தேவைப்பட்டது. 2021 மே மாதம் பத்திரிகை நிறுவனத்தில் லாய் வைத்திருந்த 71 சதவீதப் பங்கு முடக்கப்பட்டது. ஜூன் 17 அன்று 500 போலீசார் அலுவலகத்துக்குள் வந்தார்கள், நிறுவனங்களின் சொத்து 1.8 கோடி ஹாங்காங் டாலர் முடங்கியது. சம்பளம் கொடுக்க வழியில்லை. ஜூன் 24 அன்று 10 லட்சம் பிரதிகளோடு கடைசி இதழ் வந்தது. லாய் மீதான பாதுகாப்புச் சட்ட வழக்கின் விசாரணை தொடங்கியதே 2023 டிசம்பரில்தான். தீர்ப்பு வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை, வங்கிக் கணக்கே போதுமானதாக இருந்தது. வாசகர் நன்கொடையில் நடந்த ஸ்டாண்ட் நியூஸ் என்ற இணையச் செய்தித்தளமும் 2021 இறுதியில் மூடியது. அதன் ஆசிரியர்கள் மீது பாய்ந்தது பிரிட்டிஷார் விட்டுப்போன தேசத்துரோகச் சட்டம்.

ஆகவே, கே., நான் முதலாளிகளின் தலையை எண்ண மாட்டேன். பத்திரிகையைத் தவிர அவர்களிடம் வேறென்ன இருக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பேன். சிங்கப்பூர் அந்தச் சாவியைச் சட்டத்தில் எழுதி எல்லோருக்கும் தெரியும்படி வைத்தது. இதை நேர்மை என்று மெச்சும் நண்பர்கள் எனக்கு உண்டு. விதி முன்கூட்டியே தெரிவதால் நிருபர் கற்றுக்கொள்வது எதை எழுதக்கூடாது என்பதையும்தான். அந்தப் பாடம் எந்தக் கணக்கிலும் வராது.

இனி உங்கள் மகனுக்கு. தமிழ் முரசை வாங்குங்கள். 1935-ல் கோ. சாரங்கபாணி தொடங்கிய பத்திரிகை அது. சிறிய மொழிக்கான நாளிதழைத் தனி முதலாளி எவரும் இத்தனை காலம் நஷ்டத்தில் சுமந்திருக்க மாட்டார். அமைச்சரை விமர்சிக்கும் தலையங்கத்தை அதில் தேடாதீர்கள். உங்கள் ஊர்த் தமிழர் யார் இறந்தார், எந்தப் பள்ளியில் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகள் குறைகிறார்கள் என்பதற்கு வேறு எங்கே போவீர்கள்?

காசு விஷயத்தில் அவன் கேள்வியைக் கொஞ்சம் திருப்பலாம். தமிழ் முரசை நடத்தும் எஸ்பிஎச் மீடியாவுக்கு ஆண்டுக்கு 18 கோடி சிங்கப்பூர் வெள்ளி வரை, ஐந்து ஆண்டுகளுக்குத் தருவதாக அரசு 2022-ல் அறிவித்தது. அதில் தமிழ் நிருபர்களுக்கு எவ்வளவு போகிறது? தொகுதி எம்.பி.யின் மக்கள் சந்திப்புக்குப் போய் அவனையே கேட்கச் சொல்லுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.