ஓகஸ்டில் எந்தத் தீவுக்குப் போவது? முதலில் காற்றைப் பாருங்கள்

கேள்வி: கனடாவில் இருக்கும் அக்கா குடும்பம் ஓகஸ்ட் முதல் வாரத்தில் கிளிநொச்சிக்கு வருகிறது. அத்தானுக்கு மீன்பிடி என்றால் உயிர். ஒன்ராறியோவின் ஏரிகளில் தூண்டில் போட்டுப் பழகியவர். தன்னுடைய தூண்டில்களையும் கொண்டுவருகிறார். எங்களோடு சேர்த்து மொத்தம் பதினொரு பேர். எழுபதைக் கடந்த அம்மாவும் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் மூவரும் அதில் அடக்கம். நான்கு நாட்கள் ஏதாவது ஒரு தீவில் தங்கி, படகில் சுற்றி, மீன் பிடிக்க வேண்டும் என்பது ஆசை. நெடுந்தீவு, மன்னார், இரணைதீவு, கற்பிட்டி என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பேசாமல் மாலைதீவுக்கே போய்விடலாம் என்பவர்களும் உண்டு. எதைத் தெரிவு செய்வது? – ஓர் ஆசிரியை, கிளிநொச்சி

பதில்:

நீங்கள் சொன்ன நான்கு இடங்களும் நல்ல இடங்கள்தான். ஆனால் நான்கும் இலங்கையின் மேற்குப் பக்கத்துக் கடலில் இருக்கின்றன. நீங்கள் போகப்போவதோ ஓகஸ்டில். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும். நம் கடற்றொழிலாளர்கள் சோழகம் என்று சொல்வது இதைத்தான். கற்பிட்டி தொடக்கம் மன்னார் வளைகுடா, இரணைதீவு, நெடுந்தீவு வரையுள்ள கடல் முழுவதும் இந்தக் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கிறது. மன்னாரிலும் கற்பிட்டியிலும் பட்டச் சறுக்கல் (கைட் சேர்பிங்) விளையாட வெளிநாட்டவர்கள் வந்து குவிவது இந்த மாதங்களில்தான். மன்னார் தீவின் தென்கரையில் வரிசையாக நிற்கும் 30 காற்றாலைகளையும் அங்கே யாரும் அழகுக்காக நட்டுவைக்கவில்லை. காற்றாலைக்கு நல்ல மாதம், உங்கள் அம்மாவைப் படகில் ஏற்ற நல்ல மாதம் அல்ல.

பாக்கு விரிகுடா ஆழம் குறைந்த கடல் என்பதால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அலையைப் பொறுத்தவரை அது தலைகீழ். ஆழமான கடலில் அலை நீளமாக வந்து படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போகும். ஆழம் குறைந்த இடத்தில் காற்று பலமாக வீசினால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும்; ஒன்று முடியுமுன் அடுத்தது வந்து படகின் அணியத்தில் (முன்பக்கத்தில்) அறையும். பதினெட்டு அடிக் கண்ணாடியிழைப் படகில் அப்படி ஒரு மணி நேரம் இருந்தால் பிள்ளைகள் வாந்தி எடுப்பார்கள், பெரியவர்களுக்கு இடுப்பு போய்விடும். அடி கலங்கி நீர் சேறாகிவிடுவதால் தூண்டிலில் மீன் படுவதும் குறையும்.

ஆகவே என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு நாட்களையும் ஒரே தீவில் கழிக்கும் யோசனையைக் கைவிடுங்கள். மீன்பிடிக்குக் கிழக்கே முல்லைத்தீவுக்குப் போங்கள். படகில் ஏறிப் பவளப்பாறை பார்க்க நிலாவெளிக்குப் போங்கள். தீவு பார்த்தே ஆகவேண்டுமானால் நெடுந்தீவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்; அங்கே தூண்டில் வேண்டாம். இரணைதீவையும் மன்னாரையும் அக்கா குடும்பம் பெப்ரவரி, மார்ச்சில் வரும் ஒரு வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முல்லைத்தீவு பெயரில் மட்டுமே தீவு என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஓகஸ்டில் மீன்பிடிக்கு வன்னியில் அதைவிட நல்ல இடம் இல்லை. தென்மேற்கிலிருந்து வரும் காற்றை நிலம் தடுத்துவிடுவதால் கிழக்குக் கரையோரம் காலையில் பெரும்பாலும் தட்டையாகக் கிடக்கும். மேற்குக் கரைக் கடற்றொழிலாளர்கள் தங்கள் கடல் கொந்தளிக்கும் இந்தப் பருவத்தில் கொக்கிளாய், நாயாறு பக்கம் வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வதே இதற்குச் சாட்சி. (அதனால் எழும் பிணக்குகள் தனிக்கதை.) அத்தானுக்கு வேண்டிய மீனும் இங்கே உண்டு. படகு ஓடும்போது பின்னால் தூண்டிலை இழுத்துச் சென்றால் அறக்குளா, சீலா, பாரை. கடலடியில் கல்லுள்ள இடத்தில் நங்கூரமிட்டுக் கைத்தூண்டில் இறக்கினால் விளைமீன், கலவாய். கல் எங்கே இருக்கிறது என்பது படகுக்காரருக்குத்தான் தெரியும். ஆகவே கருவியைவிட ஆளைத் தெரிவு செய்வது முக்கியம்.

இந்தத் தட்டையான கடலில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அதைக் கரையில் நிற்பவர் உணரமாட்டார். காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோரம் அலை குறைவாகவே இருக்கும். வெளியே போகப் போகத்தான் காற்றின் பலம் தெரியும். எஞ்சின் நின்றுவிட்டால் மேற்குக் கடலில் காற்று உங்களைக் கரைக்குத் தள்ளும். இங்கேயோ வங்காள விரிகுடாவுக்குள் தள்ளிக்கொண்டு போகும். எனவே இரண்டாவது எஞ்சின் உள்ள படகு, அல்லது சேர்ந்து வரும் இன்னொரு படகு, இரண்டில் ஒன்று இல்லாமல் போக வேண்டாம். போதிய நீளக் கயிற்றோடு நங்கூரம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டுப் பத்து மணிக்குள் கரைக்கு வந்துவிடுவது நல்லது. கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு அப்பால் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போகத் தேவையே இல்லை.

பதினொரு பேரும் கடலுக்குப் போகத் தேவையில்லை என்பதையும் வீட்டில் சொல்லிவையுங்கள். முல்லைத்தீவு திறந்த கரை. படகைத் தள்ளி அலை உடையும் இடத்தைத் தாண்டித்தான் ஏற வேண்டும்; அம்மாவால் முடியாது. அத்தானும் இன்னும் மூன்று பெரியவர்களும் கடலுக்குப் போகட்டும். அம்மாவையும் பிள்ளைகளையும் நாயாற்றுக்கோ கொக்கிளாய்க்கோ கூட்டிப்போய்க் களப்பில் படகேற்றுங்கள். வற்றிய பருவத்தில் களப்பின் பெரும்பகுதி இடுப்பளவு, முழங்காலளவுதான் இருக்கும். பிள்ளைகள் சிறு தூண்டிலில் இறாலைக் கோத்துப் போட்டுப் பழக இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. கொக்கிளாய்க் களப்பு 1951 முதல் பறவைகள் சரணாலயம் என்பதால் எங்கே தூண்டில் போடலாம் என்பதை உள்ளூர் கடற்றொழிலாளர் சங்கத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள். சிறகு வலைகளும் நண்டு வலைகளும் களப்பெங்கும் கட்டியிருக்கும். எஞ்சின் விசிறியில் ஒரு வலை சிக்கி அறுந்தால் ஒரு குடும்பத்தின் கிழமை வருமானம் போய்விடும். களப்புக்குள் கோல் ஊன்றிப் போகும் படகே போதும்.

மூன்றாம் நாளுக்கு நிலாவெளியின் புறாமலைத் தீவு. வவுனியா, ஹொறவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்குப் போய்த் தங்குங்கள். மே முதல் செப்டெம்பர் வரை அங்கே நீர் தெளிவாக இருக்கும். பவளப்பாறைக்கு மேல் மூச்சுக்குழாய் வைத்து நீந்தினால் கருமுனைச் சுறாக் குட்டிகளையும் பார்க்கலாம், சீண்டாவிட்டால் அவை பொதுவாகக் கடிப்பதில்லை. ஆனால் புறாமலை 2003 முதல் தேசிய பூங்கா. அங்கே மீன் பிடிக்கவே கூடாது. தூண்டிலைப் படகில்கூட வைத்திருக்க வேண்டாம், அறையில் பூட்டிவிட்டுப் போகச் சொல்லுங்கள். அத்தானிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.

நெடுந்தீவைப் பற்றி. பெருக்கு மரம், கோறைக்கல் (பவளக்கல்) மதில்கள், ஐரோப்பியர் காலக் கோட்டை, தெற்கு வெளியில் மேயும் குதிரைகள் இவற்றைப் பார்க்காமல் கனடாவுக்குத் திரும்புவது பாவம். குறிகட்டுவானிலிருந்து பயணிகள் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். சோழகத்தில் படகு ஆடும். முதல் படகில் போனால் ஆட்டம் குறைவு. பிற்பகல் திரும்பும்போது காற்று ஏறியிருக்கும், சில நாட்களில் சேவையையே நிறுத்திவிடுவார்கள். அதனால் வானூர்திக்கு முந்திய நாள் ஒருபோதும் நெடுந்தீவு வேண்டாம். அம்மாவை அந்தப் பயணத்தில் இழுக்காமல் அதே துறையிலிருந்து கால் மணி நேரத்தில் போகக்கூடிய நயினாதீவில் அம்மன் கோயிலுக்கு ஒருவரோடு அனுப்பிவைத்தால் அவருக்கும் அது பிடிக்கும். எனக்கு அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் மனம் கொஞ்சம் தெரியும்: குதிரையைவிட அம்பாள்.

நெடுந்தீவில் தூண்டில் வேண்டாம் என்பதற்குக் காற்று மட்டும் காரணமல்ல. தீவுக்கு மேற்கே சற்றுத் தூரத்திலேயே 1974 ஒப்பந்தத்தின்படி வரையப்பட்ட கடல் எல்லை இருக்கிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாட்களுக்கு இழுவைமடிப் படகுகளுக்குத் தடை இருக்கும். ஓகஸ்டில் அந்தத் தடை முடிந்து படகுகள் மறுபடியும் கடலில் நிற்கும். இரவில் அவை எல்லை தாண்டி வருவதும், கடற்படை துரத்துவதும், நம்மவரின் வலைகள் அறுபடுவதும் இந்தப் பகுதியில் நடப்பவை. பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கும் குடும்பம் அதற்கு நடுவே என்ன செய்யப்போகிறது?

இரணைதீவைப் பற்றி உங்களிடம் சொன்னவர் யாரென்று தெரியவில்லை, ஆனால் அவர் அங்கே தங்கும் விடுதி இருப்பதாக நினைத்துவிட்டார் போலும். 1992இல் இடம்பெயர்ந்த மக்கள் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2018 ஏப்ரலில் தாங்களாகவே படகேறிப் போய் மீண்டும் இறங்கிய மண் அது. வீடு, நீர், பாடசாலை எல்லாவற்றையும் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. கடற்படையும் அங்கே இருக்கிறது. பின்னொரு வருடம் பெப்ரவரி, மார்ச்சில் கடல் அடங்கியிருக்கும்போது, இரணைமாதாநகர் கடற்றொழிலாளர் சங்கத்தையோ பங்குத்தந்தையையோ முதலில் சந்தித்துப் பேசி, அவர்களுடைய படகிலேயே, குடிநீரையும் சாப்பாட்டையும் கையோடு கொண்டு, ஒரு பகல் போய்வரலாம். அங்கே பிடிபடும் நண்டும் கணவாயும் அவர்களின் பிழைப்பு. வாங்கிச் சாப்பிடுங்கள், நீங்களே பிடிக்கத்தான் வேண்டும் என்று நிற்காதீர்கள்.

மன்னாரின் பெரிய வசதி, தாம்போதி வழியாக வாகனத்திலேயே போய்ச் சேரலாம். அம்மா படகேறாமல் கால் வைக்கக்கூடிய தீவு. ஆனால் ஓகஸ்டில் மணலும் காற்றும்தான் மிச்சம். வங்காலைப் பக்கம் இறங்கும் பூநாரைகளும் பிற வலசைப் பறவைகளும் மாரியில்தான் வரும். தலைமன்னாருக்கு அப்பாலுள்ள மணல் திட்டுகள் தேசிய பூங்கா என்பதால் அங்கும் தூண்டில் போட முடியாது.

கற்பிட்டி இந்த மாதத்துக்கு உரியதல்ல. ஓங்கில் (டொல்பின்) கூட்டங்களைப் பார்க்க நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் காலம். மாலைதீவிலும் அதே தென்மேல் பருவந்தான், மழையும் உண்டு. இலங்கையருக்கு விசா இறங்கும்போதே இலவசமாகக் கிடைக்கிறது, இரவில் கைத்தூண்டில் மீன்பிடிக்கும் கூட்டிப்போவார்கள் என்பது உண்மை. ஆனால் பதினொரு பேருக்கான வானூர்திச் சீட்டுச் செலவில் இங்கே ஒரு மாதம் மீன் பிடிக்கலாம். அக்கா வருவது ஊரைப் பார்க்க.

இனி படகு பேசும் விடயம். மீன்பிடிப் படகு பயணிகள் படகல்ல. பக்கத்தில் பதிவு இலக்கம் எழுதப்பட்ட படகாக இருக்க வேண்டும். ஓட்டுநரைத் தவிர நான்கு பேருக்கு மேல் ஏற வேண்டாம். எத்தனை பேரையும் ஏற்றலாம் என்பவரிடம் போகாதீர்கள். உயிர்காப்பு அங்கி எல்லோருக்கும், பிள்ளைகளுக்கு அவர்களின் அளவில். அது வாடகைக்குக் கிடைப்பது அரிது என்பதால் கனடாவிலிருந்தே கொண்டுவரச் சொல்லுங்கள். கடற்படைச் சோதனையில் அடையாள அட்டை கேட்பார்கள், அக்கா வீட்டார் கடவுச்சீட்டின் பிரதியை நனையாத உறையில் வைத்திருக்கட்டும். முதல் நாள் மாலையே வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிராந்திய எதிர்வுகூறலைப் பாருங்கள். காற்றின் வேகம் மணிக்கு 40 கிலோமீற்றரைத் தாண்டும் என்றால் பேசிய பணம் போனாலும் கடலுக்குப் போக வேண்டாம். கரையில் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். நோயாளர் காவு வண்டிக்கு 1990.

ஏரித் தூண்டில் கடலுக்குக் கொஞ்சம் மெல்லியது. சீலாவின் பல் நைலோனை நொடியில் அறுத்துவிடும் என்பதால் கொக்கிக்கு மேல் ஒரு சாண் கம்பி வேண்டும். நன்னீருக்குச் செய்த, தூண்டில் நூல் சுற்றும் உருளை உப்பில் துருப்பிடிக்கும், தினமும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். சுழியோடி ஈட்டியால் மீன் குத்துவது இலங்கையில் தடை. அந்தக் கருவி பெட்டியில் இருந்தால் அங்கேயே விட்டுவிட்டு வரட்டும். ஆமையோ ஆவுளியாவோ (கடற்பசு) கண்ணில் பட்டால் எஞ்சினைத் தணிக்கச் சொல்லுங்கள். இரண்டும் சட்டத்தால் காக்கப்பட்டவை.

ஓரா, கெளிறு, திருக்கை மூன்றையும் பிள்ளைகள் தொடக்கூடாது. முள் குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காயத்தை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அமிழ்த்தி வைத்தால் நஞ்சின் வலி குறையும், பிறகு மருத்துவமனை. பேத்தை (உடலை ஊதிப் பருக்கும் நச்சு மீன்) தூண்டிலில் பட்டால் திரும்பக் கடலில் போடுங்கள், சமையலுக்கு வேண்டாம்.

வாடகை பேசும்போது எரிபொருள் அதில் அடக்கமா, பிடிபட்ட மீன் யாருக்கு என்ற இரண்டையும் புறப்படுமுன் கேட்டுவிடுங்கள். பிடித்ததைப் படமெடுத்துவிட்டு மீண்டும் கடலில் விடுவது ஒன்ராறியோவில் பழக்கம். நம் படகுக்காரர் நான்கு கிலோ விளைமீனை நீங்கள் கடலில் எறிவதைப் பார்த்தால் அன்றைய நாள் முழுவதும் உங்களோடு பேசமாட்டார். உங்களுக்கு வேண்டாத மீன் அவருடைய வீட்டுக்கு என்று முதலிலேயே சொல்லிவிட்டால், எந்தக் கல்லில் நல்ல மீன் நிற்கிறது என்பதும் அவருக்குச் சட்டென்று நினைவுக்கு வந்துவிடும்.