பெயர் கேட்கும் கதைகள்

அன்புள்ள ஐயா,

ஜப்பானியச் செல்பேசி நாவல்களைப் பற்றிய கட்டுரையில், அதே காலத்து ரசிகர் புனைவுகளை (பிறர் படைத்த கதைமாந்தரை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகளை) “பெயர் மாற்றி ஆடும் விளையாட்டு” என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டீர்கள். அர்ச்சுனனை மதுரைக்கு அழைத்துவந்து அல்லிக்கு மணமுடித்த நம் கதைப்பாடல் செய்ததும் இதுதானே? அதைப் போற்றிவிட்டு இதை மட்டும் ஏன் தாழ்வாக நினைக்க வேண்டும்?

கவிதா, திண்டுக்கல்

அன்புள்ள கவிதா,

உங்கள் கோபம் நியாயமே. அந்த வரியை அவசரத்தில் எழுதிவிட்டேன். ஆனால் அல்லி இங்கே பொருத்தமான சாட்சி இல்லை. அவள் கதை ஊர் கூடிக் கேட்டது. இவையோ, பக்கத்தில் இருப்பவர்கூட எட்டிப் பார்க்க முடியாத ஒரு சிறு திரையில், பெரும்பாலும் இளம்பெண்கள் தனியாகப் படித்தவை.

ஜப்பானியச் செல்பேசி நிறுவனமான டொகோமோ 1999 பிப்ரவரியில் ஐ-மோட் என்னும் செல்பேசி இணையச் சேவையைத் தொடங்கியபோது தரவின் அளவுக்கே கட்டணம்: 128 பைட் கொண்ட ஒரு பாக்கெட்டுக்கு 0.3 யென். ஜப்பானிய எழுத்து ஒன்றுக்கு 2 பைட் வேண்டும் என்பதால், ஆயிரம் எழுத்துள்ள ஒரு பக்கத்தைத் திறக்க ஏறத்தாழ 5 யென் ஆனது. நெடுந்தொடர் ஒன்றை ஒரே இரவில் படித்து முடித்த மாணவிக்கு மாதக் கடைசியில் வீட்டில் என்ன கிடைத்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். 2003, 2004ஆம் ஆண்டுகளில் மாதத்துக்கு இவ்வளவு என்ற நிலையான கட்டணம் வந்த பிறகுதான் காசை எண்ணாமல் படிக்க முடிந்தது.

நீங்கள் குறிப்பிடும் வகையை அங்கே ‘யுமே ஷோசெத்சு’, அதாவது கனவுக் கதை என்பார்கள். கதைக்குள் நுழையுமுன் ஒரு பெட்டி படிப்பவரின் பெயரைக் கேட்கும். அதை நிரப்பிவிட்டால், மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதையின் நாயகன் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழைப்பான். கணினியில் இந்த மாற்றத்தை, உலாவிக்குள்ளேயே இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் செய்தது. அன்றைய ஐ-மோட் கருவிகளில் அது இயங்காததால், சர்வரே ஒவ்வொரு பக்கத்திலும் பெயரைப் பதித்து அனுப்ப வேண்டியிருந்தது. எழுதுபவருக்கு வேறொரு சிக்கல்: நாயகியின் முகத்தையும் கூந்தலையும் நுணுக்கமாக வர்ணித்துவிட்டால், அவ்விடத்திலேயே படிப்பவள் கதையை விட்டு வெளியே வந்துவிடுவாள். ஆகவே நாயகியைத் தயக்கத்தாலும் பேச்சாலும் மட்டுமே உருவாக்கியாக வேண்டும். இதையா விளையாட்டு என்றேன் என்று இப்போது கூச்சமாக இருக்கிறது.

மரபில் உறவு தேடுவதென்றால் நான் அகத்திணைப் பக்கம் போவேன். அகப்பாடலில் தலைவனையோ தலைவியையோ பெயர் சுட்டிச் சொல்லலாகாது என்பது தொல்காப்பிய விதி. அங்கே அந்த இடம் என்றைக்கும் காலியாகவே இருப்பதால் எவரும் அதில் நின்று பார்க்கலாம். கனவுக் கதையில் படிப்பவளின் பெயரே அதை அடைத்துவிடுகிறது. இதைக் குறையாகவே நினைக்கிறேன், நீங்கள் உடன்பட வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பக்கங்களின் அடியில் இருந்த வருகை எண்ணியை, அதாவது வந்தவர்களை எண்ணிக் காட்டிய கருவியை, மறந்துவிடக் கூடாது. 1000, 5555 போன்ற எண் தன் முறையில் விழக் கண்டவர் அதை எழுதியவருக்குத் தெரிவிக்க வேண்டும். பதிலுக்குத் தமக்குப் பிடித்த கதைமாந்தரை வைத்து ஒரு கதை கேட்கலாம். சொல்லாமல் நழுவுவோருக்காகப் பல பக்கங்களில் ஓர் எச்சரிக்கையும் இருந்தது: அந்த எண்ணை மிதித்துவிட்டு ஓடக் கூடாது.