பத்துக் கிலோவோட் வேண்டுமா, மூன்று போதுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இராமகிருஷ்ண வீதிப் பக்கம் சொந்த வீடு, இரண்டு மாடி, மேலே கொங்கிரீட் தட்டு. மாதம் 330 அலகு மின்சாரம் ஓடுகிறது. இரவில் இரண்டு ஏசி. ரொறன்ரோவில் இருக்கும் மகன் காசு அனுப்பத் தயார். சோலார் கம்பனிக்காரர் வந்து, "10 கிலோவோட் போடுங்கோ அம்மா, மிச்சத்தை மின்சார சபைக்கு விற்கலாம்" என்றாராம். "புதுவருடத்துக்குப் பனலை நிறுத்திவைக்கச் சொன்னார்களே, பிறகு யாருக்கு விற்பது? கரண்ட் போனால் இது வேலை செய்யாது என்று எதிர்வீட்டுக்காரர் வேறு சொல்கிறார். உண்மையா?" என்று கேட்கிறார்.

எதிர்வீட்டுக்காரர் சொன்னது சரிதான். பனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற, பட்டரி இல்லாத சாதாரண இன்வேட்டர், தெருக்கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறித் திருத்துகிற தொழிலாளிக்கு உங்கள் கூரையிலிருந்து கரண்ட் அடிக்கக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஊரெல்லாம் இருட்டாக, ஒரு வீடு மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருப்பதைப் பொறியியலாளர்கள் 'ஐலண்டிங்', அதாவது தீவாகிவிடுதல் என்பார்கள். இலங்கையின் மின்கட்டமைப்பே ஒரு தீவு என்பதுதான் உங்கள் மற்றக் கேள்விக்கும் பதில்.

இந்தியாவில் 2024 மே மாதம் மின்தேவை 250,000 மெகாவோட்டைத் தொட்டது. அங்கே 300 மெகாவோட் இயந்திரம் ஒன்று விழுந்தால் பக்கத்து மாநிலம் தாங்கிக்கொள்ளும். எங்களுக்கு இரவு உச்சத் தேவையே 2,500 முதல் 3,000 மெகாவோட் வரைதான். விடுமுறைப் பகலில் அதிலும் மிகக் குறைவு. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் 300 மெகாவோட் இயந்திரங்கள் மூன்று. ஒன்று நின்றாலே நாடு ஆடும். கைகொடுக்க அயலில் யாருமில்லை. இந்தியாவுடன் கம்பியிணைப்பு என்பது பல வருடமாகப் பேச்சில்தான் இருக்கிறது.

2025 பெப்ரவரி 9 நினைவிருக்கும். ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்றரை மணியளவில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டிக்கொண்டது, நாடே இருண்டது. எல்லோரும் குரங்கைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் பார்த்தது கிழமையையும் நேரத்தையும். அலுவலகங்கள் பூட்டு, தேவை குறைவு, வெயில் உச்சம். திருகையைச் சுற்றிவிட்டுக் கையை எடுத்தாலும் கல்லின் பாரத்தில் அது இன்னும் ஒரு சுற்றுப் போகும். நீர், நிலக்கரி நிலையங்களில் சுழலும் இயந்திரங்கள் அந்தக் கல் மாதிரி. ஒரு தடக்கல் வந்தாலும் மின்கட்டமைப்பு ஓடவேண்டிய 50 ஹேட்ஸ் வேகத்தை ஒன்றிரண்டு நொடியாவது பிடித்துவைக்கும். சோலார் பனலில் சுழல எதுவும் இல்லை, பாரமும் இல்லை. அன்று திருகைக் கற்கள் குறைவாகச் சுழன்ற நேரம். நுரைச்சோலை மூன்று இயந்திரமும் விழுந்தன; அவற்றைத் திரும்ப எழுப்ப நாள் கணக்கானது, அடுத்த இரு நாளும் ஒன்றரை மணிநேர மின்வெட்டு. அந்த அனுபவத்தின் பிறகுதான் அந்த வருடப் புதுவருட விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, பிற்பகல் 3 மணிவரை கூரைப் பனல்களை நிறுத்தச் சொல்லிச் சபை கேட்டது.

ஆக, இந்தத் தீவில் மத்தியானத்து அலகு மலிவுச் சரக்கு. மாலை ஆறரைக்குப் பிறகு வருவதுதான் பொன். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு இந்திய உதவியில் 2024இல் ஒப்பந்தமான திட்டத்திலும் சூரியக்கலம், காற்றாலையோடு பட்டரியும் சேர்ந்தே வருகிறது. கொழும்பு வீட்டுக்காரரும் அப்படித்தான் யோசிக்கவேண்டும்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். நாளுக்கு 11 அலகு. கொழும்பில் ஒரு கிலோவோட் பனல் மாதம் 110 அலகளவில் தரும் என்று வையுங்கள், மழை மாதங்களில் குறையும். 10 கிலோவோட் போட்டால் 1,100. அதில் 770 அலகு விற்பனைக்கு, அதுவும் யாருக்கும் தேவையில்லாத நேரத்தில். 2016இல் கூரைச் சோலாருக்கான அரச திட்டமான 'சூரிய பல சங்ராமய' தொடங்கியபோது சேர்ந்தவர்களுக்கு முதல் 7 வருடம் அலகுக்கு 22 ரூபா, பிறகு 15.50. அதன்பின் விலை ஏறியது, இறங்கியது. கம்பனிக்காரர் பழைய விலையை வைத்துக் கணக்குக் காட்டுகிறாரா என்று கவனியுங்கள்.

3 கிலோவோட்டும், பட்டரி இணைக்கக்கூடிய ஹைபிரிட் இன்வேட்டரும், 5 அலகு சேமிக்கிற பட்டரியும் போடுங்கள் என்பது என் அபிப்பிராயம். பகலில் உங்கள் வீடு 4 அலகு தின்னும், ஐந்து பட்டரிக்குப் போகும், மிச்சம் இரண்டைச் சபைக்குக் கொடுக்கலாம். இரவுக்கு வெளியிலிருந்து எடுப்பது மூன்றுக்குள் நிற்கும், மாதம் தொண்ணூறுக்குள். 180 அலகுக்கு மேற்பட்ட விலை உயர்ந்த கட்டணப் படியில் இப்போது நிற்கிற நீங்கள் மூன்று படி இறங்கிவிடுவீர்கள். மின்வெட்டு வந்தால் மூன்று ஃபேன், விளக்கு, பிரிட்ஜ், வைஃபை எல்லாம் பத்து மணிநேரம் போல ஓடும். ஏசி போட்டால் நான்கு மணிநேரத்தில் முடிந்துவிடும். 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் இருட்டில் இருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

என் எண்களை அப்படியே நம்பவேண்டாம். ஒரு கொப்பியில் காலை ஆறு, மாலை ஆறு என ஒரு கிழமைக்கு மீற்றரைப் பார்த்து எழுதுங்கள். பகல் பாவனை இரண்டு அலகுதான் என்றால் பட்டரியைக் கொஞ்சம் பெரிதாக்கலாம்.

விற்பவர் சொல்லமாட்டாத இரண்டு சங்கதி. ஒன்று உப்பு. கடலிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளிய கூரையொன்றில், பனல் போட்டு இரண்டே வருடத்தில் ஆணித்தலைகள் விரல்பட உதிர்வதைக் கண்டிருக்கிறேன். போட்டவரின் தொலைபேசி அப்போது வேலை செய்யவில்லை. சட்டம் அலுமினியமாகவும் ஆணி 316 தரத் துருவேறா உருக்காகவும் இருக்கவேண்டுமென்று விலைமனுவிலேயே எழுதிக் கேளுங்கள். மற்றது பக்கத்து வளவு. வெள்ளவத்தையில் வெறும் காணி அதிக நாள் வெறுமையாக இருப்பதில்லை. எட்டு மாடி எழும்பினால் அதன் நிழல் காலையிலும் பின்னேரத்திலும் எங்கே விழும் என்று தட்டில் ஏறி நின்று பாருங்கள்.

பட்டரியில் ஓடவேண்டிய இணைப்புகளைத் தனிப் பெட்டியில் பிரித்துத் தருவார்கள். அதில் தண்ணீர் மோட்டரைச் சேர்க்கவேண்டாம். அது எழும்பும்போது இழுக்கிற இழுவையில் சின்ன இன்வேட்டர் விழுந்துவிடும். மேல்தொட்டியைப் பகல் பதினொரு மணிக்கு, பனல் நன்றாக வேலை செய்கிற நேரம் நிரப்பிக்கொள்ளுங்கள்.