ஜிசெல் பாலே: எந்த நாயகி எந்த இடத்தில் அழவைக்கிறார்? கேள்வி பதில்

மேடம், ஒரே கதை, ஒரே இசை, அசைவுகளும் ஏறக்குறைய அதேதான். ஆடுபவர் மாறினால் அப்படி என்ன மாறிவிடும்?

தெரியாதவர்களுக்காகக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1841-இல் பாரிஸில் கார்லோட்டா கிரிசி நாயகியாக ஆட அரங்கேறிய பாலே இது. ரைன் நதிப் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஜிசெல். இதயம் பலவீனமானது, ஆனால் ஆட்டம் என்றால் உயிர். ஆல்பிரெக்ட் என்ற பிரபு, குடியானவன் வேடம் போட்டுக்கொண்டு வந்து அவளைக் காதலிக்கிறான். அவனுக்கு ஏற்கெனவே பெண் நிச்சயமாகியிருப்பது தெரிந்ததும் புத்தி பேதலித்துச் செத்துப்போகிறாள். கல்யாணம் ஆகாமல் செத்த பெண்களின் ஆவிகளுக்கு விலிகள் என்று பெயர். நள்ளிரவில் சிக்கும் ஆண்களை ஆடவைத்தே கொல்வார்கள். இரண்டாம் அங்கத்தில் ஜிசெல்லும் அவர்களில் ஒருத்தி. ஆனால் விடியும்வரை ஆல்பிரெக்டைக் காப்பாற்றுகிறாள்.

சரி, என்ன மாறும்? முதல் அங்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து டெய்சிப் பூவின் இதழ்களைப் பிய்க்கும் இடத்தைப் பாருங்கள். விரும்புகிறான், விரும்பவில்லை, விரும்புகிறான்... கடைசி இதழ் எதில் முடியும் என்று அவள் முன்கூட்டியே எண்ணிப் பார்த்துவிடுகிறாள். பூவைப் போட்டுவிடுகிறாள். அவன் எடுத்து, அவளுக்குத் தெரியாமல் ஒரு இதழைக் கிள்ளிவிட்டு, ‘பார், விரும்புகிறான்’ என்று காட்டுகிறான். அரை நிமிஷம்கூட ஆகாத விஷயம். ஒரு நாயகி இதை விளையாட்டாகச் செய்வார். இன்னொருவர் எண்ணி முடிக்கும்போதே முகம் வெளிறிவிடும். பின்னால் பைத்தியம் பிடித்து இல்லாத பூவின் இதழ்களை அவள் பிய்க்கும்போது நமக்கு அழுகை வருமா வராதா என்பது இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

அக்கா, உலானோவாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படத் துண்டுகளைப் பார்த்தேன். வயசு தெரியுது, காலும் இப்போது ஆடுபவர்கள் அளவுக்கு உயரவில்லை. ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?

கண்ணில் பட்டதைத்தான் கேட்கிறீர்கள், தப்பில்லை. ரஷ்ய நாயகி கலீனா உலானோவா 1910-இல் பிறந்தவர். மாஸ்கோவின் போல்ஷோய் பாலே குழு 1956-இல் முதன்முதலாக லண்டன் வந்தபோது அவருக்கு 46 வயது. அந்தப் பயணத்தின்போதே பால் சின்னர் படமாக்கிய ஜிசெல் இருக்கிறது, நிகலாய் ஃபதேயேச்செவ் ஆல்பிரெக்ட். அதை முழுசாகப் பாருங்கள், துண்டு துண்டாக வேண்டாம். காலைப் பார்க்காதீர்கள், ஓட்டத்தைப் பாருங்கள். உலானோவா ‘ஓடுவது போல’ ஆடுவதில்லை, ஓடுகிறார். கதவு தட்டும் சத்தம் கேட்டு வெளியே வந்து, ஆளைக் காணாமல் நிற்கும்போது, அது ஒரு போஸ் அல்ல. நின்றுபோன பெண். முதல் ஐந்து நிமிஷம் வயசு தெரியும், எனக்கும் தெரிந்தது. அப்புறம் எப்போது மறந்தேன் என்று தெரியவில்லை.

பைத்தியக் காட்சியில் எல்லோரும் அழுகிறார்கள், எனக்கு மட்டும் வரவில்லை. என்னிடம்தான் ஏதோ குறையா?

இல்லை. நிறைய பேர் அங்கே அதிகமாக நடிக்கிறார்கள். முடி அவிழ்ந்தாச்சு, கண்ணை உருட்டியாச்சு, போதும் என்று விட்டால் பரவாயில்லை. விடமாட்டார்கள்.

ஓல்கா ஸ்பெசிவ்ட்சேவா என்ற ரஷ்ய நாயகி இந்த வேடத்துக்காக மனநோய் விடுதிக்கே போய் அங்கிருந்தவர்களைக் கவனித்தார் என்று சொல்வார்கள். 1932-இல் லண்டனில் அவர் ஆடியதில் கொஞ்சம் படமாக இருக்கிறது. சத்தமில்லாத, மங்கலான படம். ஆனால் அந்தப் பெண் நம்மைப் பார்ப்பதே இல்லை, அவள் பார்வை வேறெங்கோ இருக்கிறது. பிற்பாடு அவரே அமெரிக்காவில் சுமார் இருபது ஆண்டுகள் மனநல மருத்துவமனையில் இருந்தார். இதைத் தெரிந்துகொண்டு அந்தப் படத்தைப் பார்ப்பது நியாயமா என்று எனக்கு ஒரு சங்கடம் உண்டு. கலையை நோயோடு முடிச்சுப்போடுவது நமக்கு ரொம்ப எளிதாகிவிடுகிறது.

ஜிசெல் வாளால் குத்திக்கொண்டு சாகிறாளா, இதயம் நின்றா?

தயாரிப்பைப் பொறுத்தது. பெரும்பாலும் இதயம். லண்டன் ராயல் பாலே குழுவுக்காக பீட்டர் ரைட் செய்த தயாரிப்பில் வாள். தற்கொலை என்பதால்தான் தேவாலய மண்ணில் இடமில்லாமல் காட்டில் புதைக்கப்பட்டாள் என்பது அவர் தர்க்கம். எனக்கு அது பிடித்திருக்கிறது.

இரண்டாம் அங்கத்தில் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது, மன்னிக்கவும். வெள்ளைப் பாவாடைகள், நிலா வெளிச்சம், அவ்வளவுதானே?

மன்னித்தேன். நீங்கள் பார்த்த அரங்கில் ஷூ சத்தம் கேட்டதா? ஒருமுறை முன்வரிசையில் டிக்கெட் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டுப் போய் உட்கார்ந்தேன். விலிகள் ஒரு காலைப் பின்னால் நீட்டி மேடையைக் குறுக்கே தத்திக் கடக்கும் இடம், பின்னால் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கு டக் டக் என்று கொட்டகையில் ஆடு ஓடுவது போலக் கேட்டது. விரல் நுனியில் நின்று ஆடப் போடும் பாயிண்ட் ஷூவின் முனை, துணியையும் பசையையும் அடுக்கி இறுக்கியது. அதைச் சுவரில் அடித்தோ மிதித்தோ மென்மையாக்காவிட்டால் ஆவிக்கு லாடம் கட்டியது போலாகிவிடும்.

அலிசியா மார்க்கோவாவின் பெயர் நின்றது இங்கேதான். 1934-இல் ஜிசெல் ஆடிய முதல் ஆங்கிலேய நாயகி. எடையே இல்லாதவர் போல இருந்தார் என்று பார்த்தவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஆண் தூக்கும்போது பெண் சும்மா இருந்தால் மூட்டை தூக்குவது போலத் தெரியும். அவளே மூச்சை இழுத்து, முழங்காலை மடக்கி எழும்ப வேண்டும். அவன் அந்த எழுச்சியை நீட்டிக்கொடுக்கிறான், அவ்வளவே.

இந்தக் கால ரஷ்ய நாயகி நத்தாலியா ஒசிப்போவா நேர்மாறு. விலிகளின் ராணி மிர்த்தா கட்டளையிட்டதும் கல்லறையிலிருந்து வந்த ஜிசெல் ஒற்றைக் காலில் சுழல வேண்டும். ஒசிப்போவா சுழலும் வேகத்தைப் பார்த்தால் அவர் சுழலவில்லை, எதுவோ பிடித்துச் சுழற்றுகிறது என்று தோன்றும். மார்க்கோவாவிடம் ஆவி புகை, இவரிடம் காற்று. அடுத்த முறை ஜிசெல்லும் ஆல்பிரெக்டும் ஆடும் மெதுவான இருவர் ஆட்டத்தில் ஒலிக்கும் வயோலாவை மட்டும் கவனியுங்கள். தூக்கம் வராது.

அலிசியா அலோன்சோ கண் தெரியாமலா ஆடினார்?

முழுக்கத் தெரியாமல் அல்ல. கியூபா நாட்டு நாயகியான இவருக்கு இளம் வயதிலேயே விழித்திரை பிரிந்துவிட்டது. அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு தலையை அசைக்காமல் மாதக்கணக்கில் படுக்கை. அப்போது ஜிசெல்லின் அடவுகளைப் படுக்கை விரிப்பில் விரல்களால் ஆடிப் பார்த்தார். 1943 நவம்பர் 2 அன்று நியூயார்க்கில், உடல்நலமில்லாத மார்க்கோவாவுக்குப் பதிலாக மேடையேறினார். மேடை விளிம்பு தெரிய வலுவான விளக்குகள், கூட ஆடுபவர் எங்கே நிற்பார் என்ற துல்லியமான ஏற்பாடு, இவற்றை வைத்துப் பல பத்தாண்டுகள் ஆடினார். அவர் ஆல்பிரெக்டைக் கையால் தேடும் இடங்கள் எனக்கு நடிப்பாகத் தெரிவதில்லை.

ஆல்பிரெக்டைப் பற்றி யாரும் பேசுவதில்லையே அக்கா?

பேச வேண்டும். அவன் அயோக்கியனா, காதலனா என்பதில்தான் அவள் மன்னிப்பின் விலை இருக்கிறது. 1962 பிப்ரவரி 21, லண்டன். ஆங்கிலேய நாயகி மார்கோ ஃபான்டீனுக்கு 42 வயது, முந்தின ஆண்டு சோவியத்திலிருந்து தப்பிவந்த ருடால்ஃப் நூரியெவுக்கு 23. இருவரும் சேர்ந்து ஆடிய முதல் ஜிசெல். ஃபான்டீன் என்றால் ஸ்லீப்பிங் பியூட்டி பாலேயின் இளவரசி அரோராதான் முதலில் நினைவுக்கு வரும். அன்று பக்கத்தில் இப்படி ஒரு அவசரக்காரப் பையன் இருந்ததில் ஜிசெல்லும் அவருக்குக் கைவந்தாள். திரை மூடித் திறந்தபோது அவர் ஒரு ரோஜாவை நீட்ட, நூரியெவ் மண்டியிட்டு அந்தக் கையில் முத்தமிட்டார். அதுவும் ஆட்டத்தில் சேர்த்திதானா என்று கேட்டால், சேர்த்திதான் என்பேன்.

பரதநாட்டியம் படித்தவள். இதன் சைகைகள் அபிநயம் போலவா?

சைகைகள் கொஞ்சம்தான். தலைக்கு மேல் கைகளைச் சுற்றினால் ஆட்டம், மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்தால் சாவு, இரண்டு விரல் உயர்த்தினால் சத்தியம். ஜிசெல்லின் அம்மா விலிகளைப் பற்றி எச்சரிக்கும் இடம் உங்களுக்கு உடனே புரியும். சஞ்சாரி போல ஒரே வரியை விரித்துக்கொண்டு போக இங்கே இடமில்லை. உடம்பு முழுவதும் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ருக்மிணி தேவி முதலில் கற்றது பாலே என்பது தெரியுமல்லவா? ரஷ்ய நாயகி ஆன்னா பாவ்லோவாவின் குழுவில் ஆடிய கிளியோ நோர்டியிடம். பாவ்லோவாவும் பெயர் பெற்ற ஜிசெல்தான்.

ஒன்றே ஒன்று பார்க்க வேண்டுமானால்?

ஒன்று பார்த்தால் ஒப்பிட முடியாது, இரண்டு பாருங்கள். இரண்டுமே ராயல் பாலே, இரண்டுமே பீட்டர் ரைட் தயாரிப்பு: 2006-இல் பதிவான அலினா கொஜொகாரு, 2014-இல் ஒசிப்போவா. அடவு அதே, உடை அதே. கொஜொகாரு பூவை நம்புகிறார், குழந்தை மாதிரி. ஒசிப்போவா ஆல்பிரெக்டை நம்புகிறார், பூ அவருக்கு ஒரு சாக்கு. பெஞ்சுக் காட்சியை மட்டும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள், மீதியை அப்போது பேசுவோம்.